சின்னக்குழந்தையின் கற்றாழை வேலி

சின்னக்குழந்தை என்று பெயர் வைத்தார்களே ஒழிய, அந்தப் பெயருக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜமுனாமரத்தூர் சந்தையில் அவள் அவரைக்காய்க் கூடையோடு வந்து இறங்கினால், வியாபாரி தானாகவே தராசுத் தட்டைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டிவிடுவான். காட்டாவிட்டால் அவளே தூக்கிப் பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தால் பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிரித்துப் பார்த்து, "எனுக்கும் வெள்ள மாத்தர, ஒனக்கும் வெள்ள மாத்தரயா? இன்னா கத இது?" என்று கேட்பாள். தன் வீட்டுச் சேவல் அடுத்த வீட்டுக் கூரையில் ஏறிக் கூவினால் அந்தச் சேவல் மேலேயே சந்தேகம்.

இதெல்லாம் சில்லறை. அவளுடைய பெரிய சந்தேகம் குடியிருந்தது தோட்டத்து வேலியில்தான்.

மகள் அருணா கைக்குழந்தையாக இருந்த வருஷம், சின்னக்குழந்தையின் புருஷன் குப்பனும் அவன் அண்ணன் மாதையனும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரே தோட்டம் இரண்டாயிற்று. ஊர்க்காரர்கள் மேட்டுக் கோடியில் ஒரு கல்லை நட்டு, அங்கிருந்து ஓடைக்கரை நாவல் மரம் வரைக்கும் கயிறு பிடித்தார்கள். அந்தக் கயிற்றோரமாக ஆனைக்கற்றாழைக் குட்டிகளை வரிசையாக நட்டவர்கள் மாதையன் பெண்டாட்டி சாந்தம்மாளும் சின்னக்குழந்தையும்தான். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டேதான் நட்டார்கள்.

கற்றாழை பெருத்தது. மடல்கள் ஆள் உயரத்துக்கு விரிந்தன. ஒரு நாள் பார்த்தால் கல்லைக் காணோம்!

"கல்ல இன்னாக்கா பண்ணீங்க? புடுங்கி ஓடையில போட்டுட்டீங்களா?"

"ஐயோ சாமி, கல்லு அங்கதான் கீது. கத்தாழ பெருத்துப் போயி அத்த உள்ளாற வச்சிக்கினு கீது," என்றாள் சாந்தம்மாள்.

"கத்தாழ கல்லத் துன்னுமா? என் காதுல பூ சுத்தாத!"

சொன்னதோடு விடவில்லை. கையை உள்ளே விட்டுத் துழாவினாள். மடல் நுனி முள் மணிக்கட்டில் ஏறி, ஒரு வாரம் கை வீங்கிக் கிடந்தது. அந்த முள்ளையும் சாந்தம்மாள் கணக்கிலேயே சேர்த்துவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. குழாயடியில் குடங்கள் இடித்துக்கொண்டாலும் வாய்கள் திறக்கவில்லை.

மழைக்கு மழை கற்றாழை தன் காலடியில் குட்டி போடும். சின்னக்குழந்தை பக்கத்தில் ஒரு குட்டி தலைகாட்டினால் போதும், கடப்பாரையோடு வந்துவிடுவாள்.

"பாத்தியா, குட்டிய நட்டு நட்டு எம் மண்ணப் புடிக்கிறா!"

"அது தானா மொளைக்குதுடி," என்பான் குப்பன்.

"தானா மொளைக்கிறது எம் பக்கம் இன்னாத்துக்கு மொளைக்கணும்?"

அந்தப் பக்கமும் அதே அளவு முளைத்துக் கிடந்தது. அதை யார் பார்த்தார்கள்? தன் பக்கத்துக் குட்டிகளை ஒன்று விடாமல் கெல்லி ஓடையில் எறிந்தாள். சாந்தம்மாள் தன் பக்கத்துக் குட்டிகளைத் தொடவில்லை.

பிறகு வரிசையின் நடுவில் இருந்த தாய்ச்செடிகள் ஒவ்வொன்றாகக் கம்பம் விட்டன. மூங்கில் மாதிரி கிடுகிடுவென்று ஏறி, உச்சியில் மஞ்சள் பூ விரித்து, தேனீக்களைக் கூட்டி, அதன்பின் அப்படியே வாடி விழுந்தன. முதல் செடி வாடியபோதே சின்னக்குழந்தை வேரடி மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்புத் தண்ணி ஊத்திக் கீறா."

"பூத்தா சாவும்டி அது. வாய்நாளுக்கு ஒரு தபாதான் பூக்கும்," என்றான் குப்பன்.

அவள் நம்பவில்லை. ஆனாலும் செத்த செடியின் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டு, உயிரோடு நின்ற குட்டிகள் வரைக்கும் தன் அவரைப் பந்தலை நீட்டினாள். வேலி நிற்கும் இடம்தானே எல்லை! அருணா வேலூரில் நர்ஸிங் சேர்ந்ததும் அந்தப் பந்தலை நம்பித்தான். பந்தல் போனால் படிப்பும் போகும். அதனாலேயே சின்னக்குழந்தை விடிந்ததும் வேலியை ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவாள்.

இந்த வருஷம் மேட்டுக் கோடியில் இருந்த கடைசித் தாய்ச்செடி கம்பம் விட்டது. பூ உதிர்ந்து, கிளைகளில் கொத்துக் கொத்தாகச் சின்னச் சின்னக் குட்டிகள் கட்டின. கம்பம் அவள் பக்கம் சாய்ந்தபோது, தள்ளிவிட்டது யார் என்று காலடித் தடம் தேடினாள். மழை ஓய்ந்த ஒரு காலையில் செடி மொத்தமும் அழுகிச் சரிந்தது. வேறு யாரும் கை வைப்பதற்குள் அரிவாளோடு ஓடி மடல்களை வெட்டித் தள்ளினாள்.

ணங்கென்றது அரிவாள்.

கல். நட்ட இடத்திலேயே, நட்ட வாக்கிலேயே நின்றது. யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிடித்து ஆட்டினாள். கற்றாழையின் பழைய வேர்கள் சுற்றிப் பின்னியிருந்ததால் கல் இம்மியும் அசையவில்லை.

அங்கே நின்றபடி நாவல் மரத்தைப் பார்த்தாள். நேர்கோடு. அவள் நீட்டிய அவரைப் பந்தல் முழுசும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், சாந்தம்மாள் மண்ணில் நின்றது. தன் பக்கத்துக் குட்டிகளையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கி, வேலியை மாதையன் வீட்டுத் தோட்டத்துக்குள் நடத்திக்கொண்டு போனவள் அவளேதான். அவமானத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. சுற்றுமுற்றும் பார்த்தாள். வெட்டிய மடல்களை அவசரமாக அள்ளிக் கல்லின்மேல் போட்டாள்.

"மூடாத, சின்னக்கொயந்த."

வேலிக்கு அந்தப் பக்கம் சாந்தம்மாள் களைக்கொத்தோடு நின்றிருந்தாள்.

"அக்கா..." அந்தச் சொல் வாயில் வந்து எத்தனை வருஷம்! "பந்தல் எங்க நிக்குதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இன்னாத்துக்கு வாயத் தொறக்கல?"

"ஒருக்கா தொறந்தேனே. காதுல பூ சுத்தாதன்னு சொன்ன. அப்பறம் அந்தப் பந்தல்ல அருணா படிப்பு தொங்குது. தொங்கட்டும்னு வுட்டுட்டேன்."

சின்னக்குழந்தை அரிவாளைப் போட்டுவிட்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும், கம்பத்திலிருந்து உதிர்ந்து கிடந்த குட்டிகளை மடியில் பொறுக்கினாள். வீட்டுக்குப் போய்க் கயிறு கொண்டுவந்தாள். ஒரு நுனியைக் கல்லில் கட்டி, மறுநுனியைச் சாந்தம்மாளிடம் கொடுத்து நாவல் மரத்துக்கு அனுப்பினாள். முதல் குட்டியை, அது பெருத்து மறுபடி கல்லை மூடிவிடாதபடி, நன்றாகத் தள்ளியே நட்டாள்.

நிமிர்ந்து பார்த்தால் கயிறு கோணலாக இருந்தது. போதாதா? பழைய சந்தேகம் குபுக்கென்று வந்துவிட்டது. சரிவில் விடுவிடுவென்று இறங்கினாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சந்தேகம் சரியாக இருந்தது. சாந்தம்மாள் கயிற்றை நாவல் மரத்தடியில் பிடிக்கவில்லை. தன் தோட்டத்துக்குள் வெகுதூரம் தள்ளிப் போய், அவரைப் பந்தல் முழுசும் சின்னக்குழந்தை பக்கம் விழும்படி பிடித்துக்கொண்டு, எங்கேயோ பார்ப்பதுபோல நின்றிருந்தாள்.

"இன்னாக்கா, என்ன ஏமாத்தப் பாக்கறியா?" என்று கத்திக்கொண்டே சின்னக்குழந்தை கயிற்றைப் பிடுங்கினாள். சாந்தம்மாள் விடவில்லை.