முகக்கிரீம் விற்ற அக்கா தங்கை

எனக்கு வேலை கொடுத்த ஏஜென்ட் என் முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார். சிரிக்காதீர்கள், நிஜம். மேலமாசி வீதியில் ஒரு மாடியறை. என்னை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்து, இப்படியும் அப்படியும் திரும்பச் சொல்லிவிட்டு, "இந்த நெறந்தாம்மா வேணும், நாளைக்கே வந்துரு" என்றார். அதுவரைக்கும் என் நிறம் வேண்டுமென்று ஒருத்தரும் சொன்னதில்லை. எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து நாலு வயது. பெண் பார்க்க வந்து கேசரி தின்றுவிட்டுப் போனவர்கள் ஆறு கூட்டம். அம்மாவுக்கு ரவை கிண்டியே கை அலுத்துப்போயிருந்தது.

விற்க வேண்டியது, கருப்பை வெளுக்கவைக்கும் முகக்கிரீம். ஏஜென்ட் இன்னொரு பெண்ணையும் எடுத்திருந்தார். என் வயதுதான். எலுமிச்சம்பழ நிறம், பிறவிச் சிவப்பு. வண்டியூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் அக்கா தங்கை என்று சொல்லி வீடு வீடாக அனுப்புவதுதான் அவருடைய தந்திரம். அவள் அக்கா, நான் தங்கை. அக்கா மூன்று மாதத்துக்கு முன்புவரை என்னைவிடக் கருப்பு. கிரீம் போட்டாள், வெளுத்தாள். தங்கை சோம்பேறி, போடவில்லை, இதோ நிற்கிறாள் பாருங்கள்! மதுரைப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் ஏறினால் தண்ணீர் தருமுன்பே "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்பார்கள். அங்கே பேச்சு தடுமாறக் கூடாதென்று இரண்டு பேரையும் ஒரே சாதியாகப் பார்த்து எடுத்திருந்தார். அந்த மனுஷன் மூளையே மூளை.

பாடமும் நடத்தினார். ஆம்பளைகள் ஆபீசுக்குப் போனபிறகு, பதினோரு மணிக்கு மேல் போகணும். எந்த வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறது என்று தெருமுனைக் கடையில் விசாரித்துக்கொள்ளணும். அந்தப் பெண்ணிடமே தண்ணீர் கேட்கணும். செம்பை வாங்கும் சாக்கில் அக்காவின் கை அவள் கைக்குப் பக்கத்தில் இருக்கணும், அம்மாக்காரி கண்ணில் படுகிற மாதிரி. அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. டப்பாவை அவர்களே கேட்பார்கள்.

கேட்கவும் செய்தார்கள். "ஏன் தாயி, வீட்டுல மருந்த வச்சுக்கிட்டு இப்படிக் கரிச்சட்டியாத் திரியிற?" என்று என் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் சம்பளம். முதல் வாரம் அழுகையாக வந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியதோடு நான் நிற்கவில்லை. செம்போடு வருகிற கருத்த பெண்ணிடம் மெதுவாக, "பொண்ணு பாக்க வந்தாகளா? என்ன சொன்னாக?" என்று கேட்பேன். கோரிப்பாளையம் தாண்டி ஒரு வீட்டில் ஒருத்தி அப்படியே செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடி அழுதாள். அவள் அம்மா மூன்று டப்பா வாங்கினாள். வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கூட வந்தவள் சிரிக்கவில்லை. "பாவம்டி அது. உனக்கே தெரியாதா அந்த வலி?" என்று தெரு முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரிந்ததனால்தான் எங்கே கிள்ளினால் வலிக்கும் என்பதும் தெரிந்தது.

சிவப்பாக இருந்து அவள் மட்டும் என்ன வாழ்ந்தாள்? தாய் தகப்பன் இல்லை. அண்ணிக்காரி சட்டியில் ஒட்டியதைத்தான் போடுவாள். வந்த ஒன்றிரண்டு வரனையும், சம்பளமில்லாத வேலைக்காரி போய்விடுவாளே என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். "எவனாச்சும் நேருல வந்து கேட்டாக் கட்டிக்கிட்டுப் போயிருவேன்டி. அந்த வீட்ட விட்டு வெளிய வந்தாப் போதும்" என்பாள்.

நரிமேட்டில் ஒரு வீட்டில் ஒரு அம்மா தன் மகளுக்காக டப்பா வாங்கினாள். எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, ஊர், ஆள் எல்லாம் விசாரித்தாள். மறு டப்பாவுக்குக் கார்டு போட ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கொடுப்பது வழக்கம். அக்கா தங்கைக்கு ஒரே வீடுதானே, என் ஆனையூர் விலாசத்தைத்தான் எழுதினேன்.

இருபது நாளில் கார்டு வந்தது. டப்பா கேட்டு இல்லை. மகனுக்கு சர்க்கார் உத்தியோகம், உங்கள் மகளை எங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை முறைப்படி வருகிறோம் என்று எழுதியிருந்தது. அப்பா இரண்டு தடவை வாசித்தார். "எம் மகள நேர்ல பாத்துட்டுக் கேக்குறாக" என்று அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். நானும் நம்பினேனே! கருப்பைப் பார்த்த பிறகுதானே கேட்கிறார்கள், இனி என்ன பயம் என்று நம்பினேன்.

நாலு பேர் வந்தார்கள். நான் காப்பித் தட்டோடு போனேன். அந்த அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு, "நல்லாருக்கியா தாயி?" என்று சிரித்தாள். பிறகு என்னைத் தாண்டி உள் அறையைப் பார்த்தாள். "அக்காவ வரச் சொல்லு."

"எந்த அக்கா? எங்களுக்கு இவ ஒருத்திதானே" என்றார் அப்பா.

சொல்லித்தானே ஆகவேண்டும்? சொன்னேன். கூடப் பிறந்தவள் இல்லை, கம்பெனியில் அப்படிச் சொல்லச் சொன்னார்கள் என்று. அந்த அம்மா கோபப்பட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். "அட, அதனாலென்ன. அவளும் நம்ம ஆளுதானே? அந்தப் பொண்ணு வீடு எங்கன இருக்கு, நீயே சொல்லேன்" என்றாள். என் வீட்டில், என் அப்பா முன்னால், காப்பித் தட்டு இன்னும் என் கையில் இருக்கும்போது. மாப்பிள்ளை அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான், வழி கேட்கிறவன் பார்ப்பதைப் போல.

வண்டியூர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே போயிருப்பார்கள். நான் சொன்னேன்: "வீடு தெரியும். ஆனா ஒண்ண மறைக்கக் கூடாதுல்ல. அக்கான்னு சொன்னதுதான் பொய். கருப்பா இருந்தது நெசம், என்னவிடக் கருப்பு. கிரீம நிறுத்துனா ஒரே மாசத்துல பழைய நெறம் வந்துரும். பெறக்குற பிள்ளைக்கெல்லாம் கிரீமா பூச முடியும்?"

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. எத்தனை வீட்டில் சொல்லிப் பழகிய வாய்! அந்த அம்மா மடியில் வைத்திருந்த பூப்பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "எந்திரிங்க, போவோம்" என்றாள். கேசரியை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தாள் வண்டியூர்க்காரி. "என்னடி ஆச்சு?" என்றாள். "பிடிக்கலன்னுட்டாக" என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதாள். "அவுகளுக்குக் குடுத்து வைக்கலடி. உன்ன மாதிரி ஒருத்தி கெடைக்குமா?" என்றாள். நான் அழவில்லை. பஸ் வந்ததும், "ஏறு, நேரமாச்சு" என்றேன்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. முகூர்த்தத்துக்கு என்னைச் சிங்காரித்துவிட்டவள் அவள்தான். அண்ணி வீட்டில் அவள் அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் இருந்தாள்.