இசபெல்லா அறிந்த பாவம்

கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே இசபெல்லா எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பாள். முறத்திலிருந்து மணி ஒன்றுகூடச் சிந்தாது. பிறவியிலேயே காது கேளாதவள், பேச்சும் இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் கையால் சொல்வாள்.

நல்லவர் என்றால் உள்ளங்கையை முறம்போல் ஏந்துவாள். பொய்யர் என்றால் அதே உள்ளங்கையை உமியைப்போல ஊதிவிடுவாள். நேற்று நடந்ததற்குக் கை முன்னே நீளும். நாளைக்கோ கட்டைவிரல் தோளைத் தாண்டிப் பின்னே போகும். "பார்த்தது கண்ணுக்கு முன்னால நிக்குதுங்க. பார்க்காதது முதுகுக்குப் பின்னாடிதானே இருக்கும்?" என்பார் அவள் அண்ணன் ஸ்தனிஸ்லாஸ். அந்த வருஷங்களில் அதியமான்கோட்டைப் பக்கத்து எங்கள் தெருவில் சண்டைபோடும் பெண்கள்கூட உள்ளங்கையை ஊதித்தான் திட்டிக்கொண்டார்கள். இப்போது வெறும் வாயால் திட்டுகிறார்கள்; கேட்க அத்தனை நன்றாயில்லை.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: நன்மை வாங்க வேண்டும். கூட வளர்ந்தவர்கள் பூசையில் முழங்காலிட்டு அந்த நன்மை அப்பத்தை நாக்கில் வாங்கும்போது, இருபத்தாறு வயதிலும் அவள் கடைசி வரிசையில் இருந்தபடி தன் வாயையும் திறப்பாள். பாவம் இன்னதென்று அறியாதவளுக்கு, செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் கிடையாது, அது இல்லாமல் நன்மையும் கிடையாது என்று பங்குச் சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

1938இல், ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை ஸ்தனிஸ்லாஸ் அவளைக் கோயிலுக்குக் கூட்டிவந்தார்.

"இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க சாமி."

"அவ பாஷை எனக்கெங்கே தெரியும்? நீயே கேளு."

ஸ்தனிஸ்லாஸ் எதையோ எடுத்து மடியில் ஒளிப்பதுபோல் காட்டினார். பிறகு வானத்தைச் சுட்டி, கோபமாக முகத்தை வைத்துக்கொண்டார். இசபெல்லா அண்ணாந்து பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை. மறுபடி ஒளித்துக் காட்டினார். அவள் முகம் மாறியது. விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள்.

"அவ்வளவுதான் அவளுக்கு வெளங்கினது" என்றார் சாமியார்.

அவர் படியிறங்குவதற்குள் இசபெல்லா திரும்பிவிட்டாள். பக்கத்து வீட்டு ராமக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, மாரியாத்தாளைக் கும்பிடறவளை இங்க எதுக்குங்க இழுத்தாறா? வூட்டுல உலை கொதிக்குது."

இசபெல்லா அவளைச் சாமியார் முன் நிறுத்தினாள். வேலிக்குள் கையை விட்டு, உருண்டையாக ஒன்றைப் பறித்து, முந்தானைக்குள் மறைப்பதுபோல் காட்டினாள்.

"அடி இவளே, அந்தப் பூசணிக்காயி நீதானா? நான் மாதையன் பொண்டாட்டியையில்ல திட்டிக்கிட்டிருக்கேன்."

சாமியார் ஸ்தனிஸ்லாஸ் பக்கம் திரும்பினார். "நாளைக்கு நன்மைக்கு வரட்டும்" என்று சொல்லி, மன்னிப்பு வழங்க வலக்கையை உயர்த்தினார்.

இசபெல்லா அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, ராமக்காவின் கையைச் சுட்டிக்காட்டிக் காத்து நின்றாள்.