வெளிச்சம் கேட்கச் சொன்ன டிரஸ்ஸர்

செய்தி வந்தபோது நான் அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். மலாக்காவின் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயிலுக்குப் பூக்கட்டும் முனியாண்டி, சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான்: "அண்ணே, நம்ம ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் போயிட்டாரு. காலையிலயே முடிஞ்சிருச்சாம்."

அவர் குடியிருந்த காஜா பெராங்குக்கு நான் போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரி வண்டி உடலை எடுத்துப் போயிருந்தது. அவருடைய வாடகை அறை திறந்து கிடந்தது. கொல்லையில் வீட்டுக்காரர் மெத்தையையும் சட்டைகளையும் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். அந்த நெருப்பில்தான் டிரஸ்ஸர் சவரிநாதனின் தொலைநோக்கியும் கிடந்தது. மரக்கால்கள் பாதி கரிந்துவிட்டன. பித்தளைக் குழல் கறுத்து, முன்பக்கத்துக் கண்ணாடி வெடித்திருந்தது.

"இத ஏங்க போட்டீங்க?" என்றேன்.

"இருமல்காரர் சாமான். வீட்டுல பிள்ளைங்க இருக்குதுங்க" என்றார் அவர். 

சயரோக வார்டில் என்னோடு படுத்திருந்தவர்களில் இதை வாசிக்க மிஞ்சியிருப்பவர்கள் சிலர்தான். அவர்களுக்காகவே எழுதுகிறேன். டிரஸ்ஸர் சவரிநாதன் நமக்கு மருந்து கொடுத்தார், ஊசி போட்டார், எச்சில் கிண்ணங்களைக் கையுறை போட்டு எடுத்தார். வேலை முடிந்த மாலைகளில் வீட்டுக்குப் போகாமல், ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய அந்தத் தொலைநோக்கியை வார்டுக்கு முன்னால் புல்வெளியில் நிறுத்தினார். அவருக்கு மனைவி மக்கள் கிடையாது. நம்மைப் பார்க்கவும் யாரும் வருவதில்லை.

முதல் மாலையில் நான் கேட்டது, எல்லாரும் கேட்பதுதான்: "இது எத்தன மடங்கு பெருசாக் காட்டும்?"

அவர் சிரித்தார். "மடங்கு கேக்காதீங்க கணேசன். வெளிச்சம் கேளுங்க" என்றார்.

அவரிடம் மூன்று கண்வில்லைகள் இருந்தன. கண் வைத்துப் பார்க்கும் முனையில் செருகும் சிறு குழல்கள் அவை. ஒவ்வொன்றிலும் ஓர் எண் பொறித்திருக்கும். தொலைநோக்கியின் நீளத்தை அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது வரும்; ஆகவே எண் சிறுக்கச் சிறுக்க உருவம் பெரிதாகும், வெளிச்சம் மங்கும். கேட்டவுடன் நாங்கள் எல்லாரும் சின்ன எண்ணுக்கே ஆசைப்பட்டோம். நோயாளியால் வேறு எதற்குத்தான் ஆசைப்பட முடியும்?

மெர்டேக்கா நாள், நாடு சுதந்திரம் பெற்ற அன்று மாலை. பாடாங் மைதானத்தில் பேண்டு வாத்தியமும் வாணவேடிக்கையும். சத்தம் எங்கள் வார்டு வரை வந்தது. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போக எங்களுக்கு அனுமதி இல்லை. பாதிப் பேர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார்கள். டிரஸ்ஸருக்கு அன்று விடுமுறை. ஊரே கொண்டாடிய அந்த நேரத்தில் அவர் வெள்ளைச் சட்டையோடு வந்து எங்களை எழுப்பினார். "வாங்க, நிலா நமக்கும் சேத்துத்தான் வந்திருக்கு" என்றார்.

புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த பார்வதியைச் சிலருக்கு நினைவிருக்கும். பெண்கள் பகுதியிலிருந்து அவளை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அவளும் பெரிய நிலாவைத்தான் கேட்டாள். டிரஸ்ஸர் மறுக்காமல் மிகச் சிறிய எண்ணைச் செருகினார்.

"ஐயோ, கொதிக்குது டிரஸ்ஸர்!" என்றாள் அவள்.

"நிலா கொதிக்கல பார்வதி. நம்ம காத்துதான் கொதிக்குது. மலாக்காவுல கடல் ஈரம் இருக்கில்ல, அதையும் சேத்துல்ல பெருசாக்குது?"

அவள் இருமினாள். கை குழலில் பட, நிலா ஓடிப்போயிற்று. அவ்வளவு பெருக்கத்தில் லேசான அசைவுக்கே எல்லாம் தப்பிவிடும். டிரஸ்ஸர் வில்லையை மாற்றினார். இந்த முறை பெரிய எண். நிலா முழுதாக, பளிச்சென்று, அசையாமல், விளிம்பு கூர்மையாக உள்ளே நின்றது. பார்வதி வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

நிலாவுக்குப் பக்கத்திலேயே சனி இருந்தது. பெரிய எண்ணில் அது ஒரு நீள் உருண்டை மட்டும். "மொதல்ல இதுல தேடிப் பிடிக்கணும். அப்புறந்தான் மாத்தணும்" என்று சொல்லி, நடு வில்லையைச் செருகினார். பார்வதி பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "மோதரம் போட்டிருக்கு." பிறகு, "என் தங்கச்சி நம்பமாட்டா. அவளுக்கும் காட்டுவீங்களா?"

"காட்டுறேன்லா" என்றார் டிரஸ்ஸர்.

அதன்பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. தோட்டத்திலிருந்து யாரும் வராமலேயே அடக்கம் நடந்தது. அந்த வாரமே அவர் தொலைநோக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் தோட்டத்துக்குப் பேருந்து ஏறினார். மாலை மயங்கும் நேரத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டின் முன்னால் அதை நிறுத்தி, நடு வில்லையைப் போட்டு, சனியைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்தத் தங்கையைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. "அக்கா கண்ணு வச்சதுல நான் வைக்கமாட்டேன். கும்புடுறேன், எடுத்துட்டுப் போயிடுங்க" என்று அழுதிருக்கிறாள். பித்தளையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருப்பதாக அவர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. மோதிரத்தை யாரும் பார்க்காமலே சனி இறங்கிப் போயிற்று.

மறுநாள் என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பயந்தானே கணேசன். பயந்தவங்கள எப்படித் திட்டுறது?" ஆனால் அதன்பின் புல்வெளிக்கு அவர் வருவது குறைந்தது. வந்த நாட்களிலும் எங்களுக்குப் பின்னால் தள்ளி நின்றார். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். நாங்கள் அதை வருத்தம் என்று நினைத்தோம். அது இருமல் என்று தெரிந்தபோது, நான் குணமாகி வெளியே வந்துவிட்டிருந்தேன். அவர் படுக்கையில் விழுந்துவிட்டார். எங்களைக் காப்பாற்றிய அதே ஊசி அவர் உடம்பில் பலிக்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிப் படுக்கை வேண்டாம் என்று காஜா பெராங் அறைக்கே வந்துவிட்டார்.

சாவதற்குச் சில நாள் முன்பு அவரைப் பார்க்கப் போனேன். மாலை ஏழு மணி இருக்கும். மழைமேகம். தொலைநோக்கி ஜன்னலருகே நின்றது. பக்கத்தில் வராதீர்கள் என்று கையால் தடுத்தார். பிறகு ஜன்னலைக் காட்டினார்.

"எனக்கு எந்திரிக்க முடியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

"எத போடட்டும்?"

"நீங்களே எடுங்க."

பெரிய எண்ணை எடுத்துச் செருகினேன். அவர் தலையசைத்தார். வானத்தில் மேகம்தான். ஒரு விலகலில் ஏதோ ஒரு நட்சத்திரம் வந்தது. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, "ஒண்ணு இருக்குங்க" என்றேன். கண்ணை எடுத்தால் போய்விடும் என்று அப்படியே குனிந்திருந்தேன்.

அப்போது அவர் ஏதோ சொன்னார்.

வார்டில் போட்ட ஊசி என் நெஞ்சைக் காப்பாற்றி இடது காதை எடுத்துக்கொண்டுவிட்டது. அன்று ஜன்னலுக்கு நேரே நான் நின்ற நிலையில், அவர் பக்கம் இருந்தது அந்தக் காதுதான். குரல் மட்டும் ஏதோ ஓர் அதிர்வாகத் தெரிந்தது. நான் திரும்பியபோது அவர் கண்களை மூடியிருந்தார்.

"என்னங்க சொன்னீங்க? கேக்கல."

கையை லேசாக ஆட்டினார். ஒன்றுமில்லை என்பது போல. இன்னொரு முறை சொல்ல அவருக்கு மூச்சு இல்லை.  பிறகு மழை வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

பார்த்த நட்சத்திரத்தின் பெயரைச் சொன்னாரா, தண்ணீர் கேட்டாரா, போய் வாருங்கள் என்றாரா, தெரியாது. எல்லா வகையிலும் யோசித்துப் பார்த்துவிட்டேன். சவரிநாதன் எனக்கென்று கடைசியாக விட்டுப்போனது அந்த ஒரு பேச்சுதான். அதுவும் எனக்குக் கேட்கவில்லை.