ஆரம்பம்தானே!

"மூஞ்சியக் காட்டுடா" என்று மைக்ராஸ்கோப்புக்குள் இருப்பவனை அதட்டுகிறார் டாக்டர் ஷாரோன். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது. செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறை. ஊரார் வாயிலிருந்து கிள்ளியெடுத்த சதைத் துணுக்கைப் பார்த்து, புற்றா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. அந்த ஊரார் யாரும் இவரைப் பார்த்ததில்லை.

ஆளைக் கண்டால் "சாப்ட்டியா" என்று கேட்கமாட்டார், "ஆ காட்டு" என்பார். கூரியர்காரர், லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவர், யாரும் தப்ப முடியாது. பேட்டி எடுக்கப் போன எனக்கும் அதே உபசாரம்தான். டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் உட்காரச் சொன்னார்.

கோபம் வந்தால் திருக்கழுக்குன்றத்துப் பக்கத்துப் பேச்சு வந்துவிடும். கோபம் வராத நேரத்தை நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. புகையிலைப் பாக்கெட்டுக்குத் தடையாம். கேட்டால் கல்லாவுக்கு அடியிலிருந்து வருகிறது. "அவன் அங்க விக்கிறான், நா இங்க பாக்குறேன். நல்லா கீதுல்ல கூட்டு யாவாரம்?" என்றார். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. போடுகிறவனுக்குப் புத்தி சொல்ல ஊரே இருக்கிறது, விற்கிறவனைத் தொட ஒரு நாதி இல்லை.

அது இரண்டு பேர் பார்க்கிற மைக்ராஸ்கோப். எதிரே என்னை உட்காரவைத்து, தர்மராஜ் என்பவரின் கன்னத்தைக் காட்டினார். மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். இளஞ்சிவப்பாக ஒரு பட்டை, அதற்குள் ஊதாப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு.

"அடியில கோடு தெரியுதா? அதான் வரப்பு. எங்க ஆளுங்களுக்கு நெலம் கெடையாது, ஆனா ஊரு வரப்பெல்லாம் போட்டது நாங்கதான். எனக்குத் தெரியாதா? தோ, இந்த ஒரு எடத்துல வரப்ப ஒடச்சிகினு எறங்கிட்டான். இப்ப வெட்டுனா கொஞ்சூண்டு சதையோட போவும், ஆளு பொழச்சிப்பான். வுட்டா தாடை போவும், கழுத்துக்கு எறங்கும்."

"எப்போது ஆபரேஷன்?" என்றேன்.

"வந்தாத்தான? சர்ஜன் நாள் குறிச்சிட்டு ஒக்காந்துகினு கீறாரு!" மேஜையைத் தட்டிவிட்டுப் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் தர்மராஜின் குரல் வந்தது, நிதானமாக.

"இன்னா மேடம், ஆரம்பம்னுதான சொன்னாங்கோ? வலி கூட இல்ல. சீசன் முடியட்டும். முத்துனா வந்துர்றேன்."

அட, ஆரம்பமே! நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு 'இன்னும் நேரம் கிடக்கிறது' என்று பொருள். டாக்டர்கள் உயிர் பிழைக்கும் என்று சொன்னதை, இந்த மனிதர் சாவகாசமாக வரலாம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"கத்திரிக்கா முத்துனா கடைத்தெருவுக்கு வரும்யா! இது முத்துனா..."

"சவாரி வந்துட்ச்சு மேடம்." வைத்துவிட்டார்.

"கெளம்புங்க" என்றார் ஷாரோன் என்னிடம். காரை அவரே ஓட்டினார். வழியெல்லாம் அர்ச்சனை: தர்மராஜுக்கு, பெட்டிக்கடைக்கு, 'ஆரம்ப நிலை' என்று தமிழ்ப்படுத்திய புண்ணியவானுக்கு. "அவன் பொண்டாட்டி, வேண்டான்னு பேரு, போன்ல அழுவுது. 'நா சொன்னா கேக்கமாட்றாரும்மா'ன்னு. ரெண்டு பொட்டப் புள்ளைங்க வேற."

ஐந்து ரதம் அருகே வேன் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே நிறைய ஆட்கள். கன்னத்தில் ஒதுக்கிய பாக்கோடு ஸ்டீயரிங்கில் தர்மராஜ்.

"யாரு மேடம் நீங்கோ?"

"உன் கன்னத்துக்குள்ள பூந்து பாத்தவ. எறங்கு."

"தோ, இந்த ஒரு ட்ரிப் மேடம். ஆரம்பம்தா..."

அவர் முடிக்கவில்லை. ஷாரோன் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருகிப் பிடுங்கினார். உறுமல் நின்றது. பயணிகள் கத்தினார்கள். அவர் சாவியைச் சேலை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துபோய், தன் காரின் கதவைத் திறந்து பிடித்தார்.