எந்திரக் கையும் அண்ணனின் இடுப்பும்

அண்ணன் பீரங்கி வண்டியில் குண்டு நிரப்பும் சிப்பாயாக இருந்தவர். ஒரு குண்டு நாற்பத்தைந்து கிலோ. குலுங்கும் வண்டிக்குள் குனிந்த வாக்கில் அதைத் தூக்கி, குழலின் பின்வாயில் வைத்துத் தள்ள வேண்டும். ஒரு பயிற்சியில் அவர் இடுப்பு 'மளுக்'கென்றது. அதோடு வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பு மாட்டுவதற்கே சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தங்கை பொறியாளர். அதே வகை வண்டிக்குத் தானாகவே குண்டு நிரப்பும் எந்திரக் கையை உருவாக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு மிஷின் செஞ்சா புண்ணியமாப் போகும். போயும் போயும் குண்டு போடவா செய்யணும்?" என்றாள் அம்மா.

அண்ணன்தான் பதில் சொன்னார்: "போடுறவங்க எப்படியும் போடத்தான் போறாங்கம்மா. தூக்குறவன் முதுகாவது மிஞ்சட்டும்."

பட்டறையில் பாதி வண்டியை ஒரு மேடையில் ஏற்றி, ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள். எந்திரக் கை அடுக்கிலிருந்து மருந்தில்லாத வெற்றுக் குண்டை எடுத்து, திரும்பி, குழலுக்குப் பின்னாலிருக்கும் தட்டில் வைக்கும். மேடை சாய்ந்தால் சில சமயம் பிடி வழுக்கும். கைக்கு அது தெரியாது; வேலையைத் தொடரும். குண்டு உருண்டு விழும். அவள் பிடிக்குள் வழுக்கலைக் கண்டுபிடிக்கும் உணரிகள் வைத்தாள். துளி சந்தேகம் வந்தாலும் கை அப்படியே நின்றுவிடும்.

தலைமைப் பொறியாளர் எரிச்சலானார். "மிஷின் செய்யச் சொன்னா பிரேக் செஞ்சுட்டு வர்றியேம்மா!"

"மனுஷன் கை வழுக்கினா அவனே நிறுத்திடுவான் சார். இதுக்கு நாமதானே சொல்லித் தரணும்?"

"சரி, வச்சுத் தொலை."

அன்றுமுதல் பட்டறையில் அவள் பெயர் 'பிரேக்கம்மா'.

ராணுவ அதிகாரிகள் முன்னிலையில் கரடுமுரடான தரையில் சோதனை நடந்தது. முதல் சில குண்டுகள் தடங்கலில்லாமல் உள்ளே போயின. திடீரென்று கை பாதியில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. தலைமைப் பொறியாளருக்குப் பேயறைந்தாற்போல் ஆகிவிட்டது.

அவள் உள்ளே ஏறிப் பார்த்தாள். கையை இயக்கும் எண்ணெய்க் குழாய் ஒன்று உரசிக் கிழிந்து, பிடி முழுக்க எண்ணெய். குண்டு விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு சிப்பாய் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தா என் முழங்கால் போயிருக்கும், மேடம்."

இருந்தாலும் சோதனை தோல்விதான். அவள் வண்டிக்குப் பின்னால் போய் அழுதாள். தலைமைப் பொறியாளர் தேடி வந்து, "அழாதம்மா. குழாய் நான் போட்ட வழி. மாத்திடலாம். உன் பிரேக் இருக்கட்டும்" என்றார்.

குழாயை வேறு வழியில் கொண்டுபோனார்கள். அடுத்த சோதனையில் எல்லாக் குண்டுகளும் ஒழுங்காகப் போயின. ஓர் அதிகாரி மட்டும் கேட்டார்: "சண்டையில இது நின்னுட்டா?"

"கையால நிரப்பணும் சார். முதுகு போகாம எப்படித் தூக்கறதுன்னு பசங்களுக்குச் சொல்லித் தர ஆள் வேணும்" என்றவள், சற்றுத் தயங்கி, "எங்கண்ணனைக் கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

கேட்டார்கள், பேசிப் பார்த்துவிட்டு அண்ணனைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டார்கள். முதல் வகுப்பில் ஒரு சிப்பாய், "நீங்க ஒரு தடவை தூக்கிக் காட்டுங்க சார்" என்றான்.

"என்னால முடியாதுப்பா. ஏன் முடியலைங்கறதுதான் இன்னைக்குப் பாடம்" என்று அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.