ஃப்ரீ த்ரோவின்போது பேசுவது

பதினேழு வருடங்கள் கூடைப்பந்து ஆடிச் சம்பாதித்தேன். கோயம்புத்தூர், கொச்சி, தோஹா, மணிலா, கடைசியாக ஒரு குளிர்காலம் முழுக்க ஜார்ஜியா. கூப்பிட்ட அணிக்கெல்லாம் போனேன். இடது முட்டி இனி முடியாது என்றதும் ஆரணிக்குத் திரும்பினேன். மனைவியின் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய அறையில் உட்கார்ந்து, பழைய ஆட்டங்களை ஓடவிட்டு வர்ணனை சொல்லிப் பழகினேன். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசிக் குரல் நன்றாகத் திறந்துகொண்டது.

சென்னையில் ஒரு விளையாட்டு சேனல் சோதனையாக ஓர் ஆட்டம் கொடுத்தது. பிடித்தால் சீசன் முழுவதும். இல்லையென்றால் அன்றோடு சரி. எனக்கு வேறு தொழில் தெரியாது.

தொடக்கம் நன்றாகவே போனது. எதிரணி தவறு செய்ததால், யாரும் மறிக்காமல் வளையத்தில் பந்தெறியும் ஃப்ரீ த்ரோவுக்காக ஒரு வீரர் கோட்டில் வந்து நின்றார். என் வாய் மூடிக்கொண்டது. ஆடிய காலத்தில், எங்கள் ஆள் அங்கே நிற்கும்போது பெஞ்சில் இருக்கும் நாங்கள் பேச மாட்டோம். பேசி, பந்து தவறிவிட்டால் பழி பேசியவன்மேல். இப்போது நான் எந்த அணியிலும் இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை.

ஹெட்போனில் தயாரிப்பாளர் அலறினார்: "சார், பேசுங்க சார்! சவுண்ட் கட்டாயிடுச்சான்னு கேக்கறாங்க!"

அடுத்த ஃப்ரீ த்ரோவுக்கும் அதே கதை. அதற்கடுத்ததற்கும்.

இடைவேளையில் அவர் என் வர்ணனை அறைக்குள் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "செகண்ட் ஹாஃபும் இப்படின்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது சார்."

மனைவிக்கு போன் செய்தேன். தறிகளை நிறுத்திவிட்டுத் தன் தம்பியோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, நடுநடுவுல ஊமையாயிடறீங்க? டிவி பேஜார் பண்ணுதுன்னு தம்பி நாலு தட்டு தட்டிட்டான்."

காரணத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"அட, நீங்க கோட்டுல நின்னப்பல்லாம் நான் கேலரில பேசிகினேதான் இருந்தேன். இப்ப பந்த ரெண்டு தட்டு தட்டுவாரு, ஷார்ட்ஸ்ல கைய தொடைப்பாரு, முட்டிய மடக்குவாருன்னு பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒண்ணொண்ணா சொல்லிகினு இருப்பேன்."

"அப்பல்லாம் பந்து விழுந்துச்சா?"

"முக்காவாசி விழுந்துச்சு. விழாததுக்கு நான் பொறுப்பில்ல."

இரண்டாம் பாதியில் முதல் ஃப்ரீ த்ரோ. கைகளால் மேஜையைப் பிடித்துக்கொண்டு, அந்த வீரர் செய்ததையெல்லாம் அவள் சொன்ன மாதிரியே வரிசையாகச் சொன்னேன். பந்தைத் தட்டுகிறார், தோளைத் தளர்த்துகிறார், முட்டியை மடக்குகிறார். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. நிமிர்ந்து பார்த்தேன். யாரும் என்னை முறைக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை நான் வாயை மூடவில்லை.

வெளியே வந்ததும் மறுபடி போன் செய்தேன். "சனிக்கிழமையும் வரச் சொல்லிட்டாங்க. சீசன் முழுக்க நான்தானாம்."

"அப்ப சனிக்கிழம தறிய நிறுத்த மாட்டேங்க. ஓடினு இருந்தாலும் உங்க குரல் கேக்கும்" என்றாள்.