நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

மலேசியாவில், கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் ஓர் அலுவலகத்தில் பல வருஷம் தட்டச்சுக்காரியாக இருந்தேன். மாநிலம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு வளரும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதும் அலுவலகம். நெல், ரப்பர், சாலை, பள்ளிக்கூடம், எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயின. எதிலும் நான் குறுக்கே பேசியதில்லை. 'குடும்பங்களின் உணவு' என்ற தலைப்பு வந்தால் மட்டும் கை நின்றுவிடும். "இதை யார் போய்க் கேட்டது? எங்கே நின்று கேட்டார்கள்?" என்பேன். கிழவிக்கு இன்றைக்கு மனசு சரியில்லை என்று அதிகாரிகள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அந்தத் தலைப்புக்காக நானே ஒரு முறை வீடு வீடாகப் போனவள்.

அது ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். எனக்குப் பத்தொன்பது வயது. சுங்கைப் பட்டாணிக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். பால் வெட்டிய கைகள் மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தன. நான் பாடம் சொல்லிக்கொடுத்த தோட்டப் பள்ளியும் மூடிக் கிடந்தது. கெடா நெல் விளையும் மாநிலம். இங்கிருந்து இன்னும் எவ்வளவு அரிசியை வெளியே கொண்டுபோகலாம் என்று ஆட்சி செய்தவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு இங்கே இருக்கிறவர்கள் எவ்வளவு தின்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். அதை ஆராய டவுனில் ஒரு பிரிவு திறந்தார்கள். எழுதத் தெரிந்தவள், பெண்பிள்ளை, அடுப்படிவரை போகலாம் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என் பெயரைக் கொடுத்துவிட்டார். பழைய ரப்பர்க் கம்பெனித் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்ட படிவம் வந்தது. வீட்டில் எத்தனை பேர், நேற்று எத்தனை வேளை, என்ன சாப்பாடு. அவ்வளவுதான் கேள்வி. சொன்னதை எழுத வேண்டும், சொந்தமாக எதுவும் சேர்க்கக் கூடாது என்றார்கள்.

எங்கள் லயம் ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு. அது கூரையைத் தொடாது, மேலே ஒரு கை அளவுக்கு இடைவெளி இருக்கும். ஒரு வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் கேட்கும். முதல் வீட்டில் கேட்டேன். "நேத்து என்னா சாப்பிட்டீங்க அக்கா?"

"என்னா கேள்வி இது? சோறும் கருவாட்டுக் கொளம்பும்தான்."

எழுதினேன். இரண்டாவது வீட்டில் சோறு, கருவாடு, கூடவே ரசம். மூன்றாவது வீட்டில் அப்பளமும் பொரித்தார்கள். ஆறாவது வீட்டுக்காரர் கோழிக் குழம்பு என்றார். தோட்டத்தில் கோழி கூவிப் பல மாதம் ஆகியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் பென்சிலைப் பார்த்தார். அதையும் எழுதினேன். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

ஒன்பதாவது வீடு எங்களுடையது. அண்ணி ஏழு மாதக் கர்ப்பிணி. சாக்குத்துணியைப் பாவாடையாகக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அன்று காலையில் அதே அடுப்பில் வெந்த மரவள்ளியைத்தான் நானும் தின்றிருந்தேன்.

"எளுதிக்க," என்றாள் அண்ணி, லயம் முழுக்கக் கேட்கிற குரலில். "ரெண்டு வேள சோறு. மத்தியானம் மீனு."

நான் எழுதினேன். இது பொய் என்று எனக்குத் தெரியும். வேறு வீட்டுக்காரர்களாவது தங்கள் பொய்யைச் சொன்னார்கள், நான் எங்கள் பொய்யைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி நம் வீட்டில் சோறில்லை என்று எப்படிச் சொல்வது? மானம் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதம் பிரட்டுக்களத்தில், காலையில் ஆள் கூப்பிடும் அந்த இடத்தில், கிராணி அறிவிப்பை வாசித்தார். ஆராய்ச்சியில் இந்தத் தோட்டத்து மக்கள் நன்றாகச் சாப்பிடுவது தெரிகிறது, ஆகவே இவர்களுக்கு மாதாமாதம் அளந்து கொடுக்கும் அரிசிப் பங்கு பாதியாகக் குறைக்கப்படுகிறது. ஒரு பெண் என் பக்கம் திரும்பினாள். "என்னாத்த எளுதிக் குடுத்த நீ?"

"நீங்க சொன்னதத்தான்."

கோழிக் குழம்புக்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

பங்கு குறைந்த பிறகு அண்ணிக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. பல்லி மாதிரி இருந்தான். அண்ணிக்குக் கால் வீங்கியிருந்தது, பால் சுரக்கவில்லை. தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "மருந்து இல்ல, இருந்தாலும் வேணாம். தாய்க்கு சோறு குடுங்க, பால் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பங்கு அரிசி தீர்ந்து வீட்டில் ஒரு மணிகூட இல்லை. அண்ணனுக்கு வேலையை விட்டு வர முடியாது, மறுநாள் விடிந்ததும் நானே டவுனுக்கு நடந்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அந்தப் பிரிவில் ஒரு தமிழ் அதிகாரி இருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருந்தது. ஜப்பான்காரன் உத்தரவால் சுவர்க் கடிகாரம் தோக்கியோ நேரத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் அங்கே அதற்குள் மத்தியானமாகிவிட்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, "வாம்மா. சாப்பிட்டாச்சா?" என்றார்.

"ஆச்சுங்க சார்."

வாய் தானாகச் சொன்னது. பிறகு உட்கார்ந்து, எங்கள் தோட்டத்துப் படிவம் முழுக்கப் பொய், அங்கே யாரும் சோறு சாப்பிடுவதில்லை, அரிசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் படிவக் கட்டை எடுத்துப் பிரித்து என் கையெழுத்தைப் பார்த்தார்.

"யாரும் சாப்பிடறது இல்லன்னு சொல்ற. நீ மட்டும் சாப்பிட்டுட்டு வந்தியா?"

"இல்ல சார். முந்தாநாள் சாயங்காலம் கெழங்கு. அப்புறம் ஒண்ணுமில்ல." சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பசியால் வந்த அழுகை இல்லை அது. ஓர் அந்நிய ஆண்பிள்ளையிடம் அதைச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்ற வெட்கம்.

அவர் வெற்றுப் படிவங்களை எடுத்து என் முன்னால் வைத்தார். "ரிப்போர்ட் மேல போயிடுச்சு. புதுசா எளுதிக்கிட்டு வா, அனுப்பிப் பாக்குறேன். இந்தத் தடவ வாயக் கேக்காத, பானையத் தொறந்து பாரு."

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். முதல் வீட்டில் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டாவது வீட்டில் பானை பக்கத்து வீட்டுக்கு இரவல் போயிருந்தது. அரிசி குறைந்தும், கால் வீங்கியும், மானம் மட்டும் யாருக்கும் குறையவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்கள் மேலா என் மேலா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

நேராக எங்கள் வீட்டுக்குப் போய்ப் பானை மூடியில் கை வைத்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மடியில் குழந்தை வெறும் மார்பைச் சப்பிச் சப்பி, அழத் தெம்பில்லாமல் முனகியது. அவள் அவனைப் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, தடுப்புக்கு மேலே இருந்த இடைவெளியைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"நான் சாப்பிடல! கேக்குதா? நேத்தும் சாப்பிடல, முந்தாநேத்தும் சாப்பிடல. எம்புள்ளைக்குப் பால் இல்ல!"

அடுப்புச் சுள்ளி வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூன்று வீடு தள்ளி ஓர் ஆண் குரல், கோழிக் குழம்புக்காரர்தான், "இங்கயும் இல்லம்மா" என்றது. அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாகத் தடுப்புக்கு மேலே சொன்னார்கள். மரவள்ளி. மரவள்ளி இலை. வெறும் தண்ணி. நான் எங்கேயும் போகவில்லை, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் எழுதினேன்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அதிகாரி சொன்னபடி அனுப்பியிருக்க வேண்டும். அரிசி லாரி வந்தது, பழைய பங்கு இல்லை, முக்கால் பங்கு. குழந்தை அதற்கு மூன்று நாள் முன்னால் போய்விட்டான்.

முதல் படிவத்தில் நான் உண்மையை எழுதியிருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது. அண்ணி என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்கு அப்புறம் நான்கு பிள்ளைகள், பெரிய வீடு, வருவோர் போவோர் என்று நிறைவாக வாழ்ந்தாள். அவள் வீட்டுக்கு யார் போனாலும், தபால்காரனே ஆனாலும், சாப்பிட்டாச்சா என்று அவள் கேட்டு நான் கேட்டதில்லை. உட்காரச் சொல்வாள். உள்ளே போய்த் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து முன்னால் வைத்துவிடுவாள்.